அமெரிக்கக் கல்லூரி ஃபிரட்டர்னிட்டி: எதில் சேரலாம், எவ்வளவு ஆகும், எங்கே இடிக்கும்?

ஃபிரட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பெயரில் இயங்கும் மாணவர் சங்கம். உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீடும் பலவற்றுக்கு உண்டு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டு முகப்பில் இருக்கும் கிரேக்க எழுத்தைப் பார்த்து ஃபிரட்டர்னிட்டி தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சிக்மா கை, பை கப்பா ஆல்ஃபா, பீட்டா தீட்டா பை என்ற பெயர்கள் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் உங்கள் பணமும் சாயங்காலங்களும் போகப்போவது உங்கள் வளாகத்தில் இருக்கும் ஒரே ஒரு கிளைக்கு, அதாவது சாப்டருக்கு. ஒரு ஊரில் அந்த எழுத்துக்குப் பொருள் படிப்பாளிக் கூட்டம். நூறு மைல் தள்ளி அதே எழுத்துக்குப் பொருள் பல்கலைக்கழகம் கதவைச் சாத்திய கூட்டம். நான்காண்டில் ஆட்கள் மொத்தமாக மாறிவிடுவதால், அண்ணன் காலத்து நற்பெயரும் கெட்ட பெயரும் தம்பிக்கு உதவாது.

ஒரே பெயரில் நான்கு வேறு சரக்கு விற்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். வீடு, விருந்து, ரஷ் எனப்படும் சேர்க்கை வாரம் என்று பலரும் மனதில் வைத்திருப்பது சோஷியல் ஃபிரட்டர்னிட்டி, ஆண்கள் மட்டும். பெரும்பாலான வளாகங்களில் இவற்றை ஐஎஃப்சி என்ற மாணவர் கவுன்சில் மேய்க்கும். அதற்கு மேலே 1909-இல் தொடங்கிய தேசியக் கூட்டமைப்பு. பெண்களுக்கான 26 சொரோரிட்டிகள் 1902-இல் தொடங்கிய பான்ஹெலனிக் கூட்டமைப்பின் கீழ். கறுப்பின மாணவர்கள் கட்டியெழுப்பிய ஒன்பது அமைப்புகளுக்கு 1930-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தனிக் கவுன்சில் உருவானது. அவற்றின் சேர்க்கை முறையே வேறு. இரண்டாவது வகை தொழில்சார்ந்தது: வணிகத்துக்கு ஆல்ஃபா கப்பா சை, டெல்டா சிக்மா பை, பொறியியலுக்குத் தீட்டா டாவ். சட்டப்படி இவை ஆண், பெண் இருபாலரையும் சேர்க்க வேண்டும். ஒருபால் விலக்கு சோஷியல் வகைக்கு மட்டுமே. மூன்றாவது சேவை வகை. 1925-இல் லஃபாயெட் கல்லூரியில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா பெரிய உதாரணம். நான்காவது மதிப்பெண்ணுக்காக அழைக்கும் கௌரவச் சங்கம். 1776-இல் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா இன்று அந்த ரகம்தான். பொறியியலில் டாவ் பீட்டா பை, மூன்றாமாண்டில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள்ளும் இறுதியாண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளும் வருபவர்களையே எடுக்கும்.

சோஷியல் ஃபிரட்டர்னிட்டி ஒன்றில் முழு உறுப்பினரானால் இன்னொரு சோஷியல் ஃபிரட்டர்னிட்டியில் சேர முடியாது. பொதுவாக இது ஆயுளுக்கும் பொருந்தும். தொழில், சேவை, கௌரவச் சங்கங்களில் கூடுதலாகச் சேரத் தடையில்லை. ஆகவே அவசரம் காட்டக் கூடாத இடம் முதல் வகை மட்டுமே.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எம்எஸ் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சோஷியல் ஃபிரட்டர்னிட்டிகள் பெரும்பாலும் இளங்கலை மாணவர்களைத்தான் எடுக்கும். கீழே வருவது இளங்கலைக்குப் போகிறவர்களுக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், பில் கட்டப்போகும் அவர்களுடைய பெற்றோருக்கும்.

ரஷ் வாரம்

ரஷ் வாரம் பெண் பார்க்கும் படலம் மாதிரி. இரு தரப்பும் சலவை மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருக்கும். பஜ்ஜி நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆண்கள் பக்கம் நடைமுறை எளிது. ஐஎஃப்சி தளத்தில் பதிவு. முதல் இரண்டு மூன்று நாள் எல்லா வீடுகளும் திறந்திருக்கும். பிறகு அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும் இரவுச் சாப்பாடு. கடைசியில் பிட் எனப்படும் சேர்க்கை அழைப்பு. அதை ஏற்ற நாளிலிருந்து புதிய உறுப்பினர் காலம். பல இடங்களில் நான்கிலிருந்து எட்டு வாரம். பிறகு முழு உறுப்பினராக்கும் இனிஷியேஷன் சடங்கு. முதல் செமஸ்டரிலேயே சேர்க்கும் வளாகங்களும் உண்டு, ஒரு செமஸ்டர் மதிப்பெண் வந்த பிறகே அனுமதிக்கும் வளாகங்களும் உண்டு. டார்ட்மவுத் கல்லூரியில் இரண்டாமாண்டில்தான். தள்ளிப்போடும் வளாகம் உங்களுக்கு நல்லது: ஜிபிஏ கையில் இருக்கும், சீனியர்களை ரஷ் முகம் இல்லாமல் சாதாரண நாளில் பார்த்திருப்பீர்கள்.

பெண்கள் பக்கம் கணிதம் கடுமை. நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பும் பட்டியல் போடும், கணினி பொருத்தும். கடைசிச் சுற்று முடிந்ததும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதில் எழுதிய பெயர்களில் ஒன்று கிடைத்து, பிறகு வேண்டாம் என்றால், அடுத்த முதன்மை ரஷ் வரை அதே வளாகத்தில் அந்த 26-இல் வேறு எதிலும் சேர முடியாது. ‘சும்மா இருக்கட்டும்’ என்று விருப்பமில்லாத பெயரை இரண்டாவதாக எழுதிவிட்டு அழுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. போக மனமில்லாத வீட்டை எழுதாதீர்கள். எழுதாவிட்டால் எதுவும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு கூடும். அதைத் தெரிந்தே எழுதாமல் விடுங்கள்.

ரஷ் நேரத்தில் யாரிடம் பேசுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வாசலில் கைகுலுக்கும் ரஷ் பொறுப்பாளரை விட்டுவிடுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்பதற்காகத்தான் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். முதலாமவர் பொருளாளர். இரண்டாமவர் போன செமஸ்டரில் சேர்ந்தவர். புதிய உறுப்பினர் காலம் அவருக்கு இன்னும் ஆறியிருக்காது. மூன்றாமவர் மூன்றாமாண்டு, நான்காமாண்டு உறுப்பினர். மூத்தவர்கள் கண்ணிலேயே படாத வீடு என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டாமாண்டோடு கழன்றுகொள்கிறார்கள் என்று அர்த்தம். காரணம் பணமாக இருக்கும், இல்லை சலிப்பாக இருக்கும். ‘போன ஆண்டு பிட் ஏற்றவர்களில் எத்தனை பேர் இனிஷியேட் ஆனார்கள், எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?’ என்ற ஒரே கேள்விக்கு எண்ணாகப் பதில் வந்தால் நல்ல சாப்டர். ‘நாங்கள் எல்லாம் பிரதர்ஸ்’ என்று பதில் வந்தால் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டலாம்.

உறுப்பினர் எண்ணிக்கையும் பாருங்கள். நூற்றைம்பது பேர் உள்ள வீட்டில் ஐம்பது பேரைத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒருவருக்கான பங்குச் செலவு தாங்கும். இருபது பேர் உள்ள சாப்டரில் இரண்டாம் செமஸ்டரிலேயே ஒரு பொறுப்பு தலையில் விழும். வரவு செலவு பார்ப்பது, ஐம்பது பேர் நிகழ்ச்சியை நடத்துவது எல்லாம் உண்மையான அனுபவம். ஆனால் ஐந்து பேர் விலகினாலும் மீதிப்பேரின் டியூஸ் எனப்படும் உறுப்பினர் சந்தா ஏறும்.

பணக் கணக்கு

இங்கேதான் அதிகம் ஏமாற்றம். ‘டியூஸ் எவ்வளவு?’ என்று கேட்டால் டியூஸை மட்டும் சொல்வார்கள். அது பொய்யில்லை, முழுக் கணக்கும் இல்லை. எண்கள் வளாகத்துக்கு வளாகம் மாறும் என்பதால், வீட்டுக்கு வெளியே தங்கும் ஒரு முதல் செமஸ்டர் உறுப்பினரை வைத்து மாதிரிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சொன்ன டியூஸ் 600 டாலர். புதிய உறுப்பினர் கட்டணம் 100. இனிஷியேஷனும் பேட்ஜும் 300. தேசிய அமைப்பின் பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பங்கு 200. ஃபார்மல் விருந்துக்கு 150. டி-ஷர்ட், குழுப் படம் 120. வீட்டில் தங்காவிட்டாலும் ஹாலையும் சமையலறையையும் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்காகப் பார்லர் கட்டணம் 250. கூட்டினால் 1,720 டாலர். சொன்னதைப்போல் மூன்று மடங்கை நெருங்குகிறது. அடுத்த செமஸ்டரில் நுழைவுக் கட்டணங்கள் 400 கழியும், மீதி 1,320 நிற்கும். காப்பீட்டை ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார்களா, செமஸ்டருக்கு ஒருமுறையா என்பதைப் பொறுத்து இன்னும் 200 குறையலாம்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: ‘வெளியே தங்குகிறவருக்கு முதல் ஆண்டில் எல்லாம் சேர்த்து எவ்வளவு, உள்ளே தங்குகிறவருக்கு எவ்வளவு, எழுத்தில் தர முடியுமா?’ ஒழுங்கான பொருளாளர் ஒரு பக்கத் தாளை அன்றே அனுப்புவார். தவணை வசதி, தாமதக் கட்டணம், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், பாதியில் விலகினால் எது திரும்பும் என்பவையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பாக்கி வைத்தால் கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகும் சாப்டர்கள் உண்டு. பதினெட்டு வயதில் கிரெடிட் வரலாற்றில் விழும் அந்தக் கறை, பிறகு அபார்ட்மெண்ட் தேடும்போது முன்னால் வந்து நிற்கும்.

வீட்டில் தங்குவது கட்டாயமா என்றும் கேட்டே ஆக வேண்டும். இரண்டாமாண்டில் அறைகள் காலியாக இருந்தால் புதியவர்களைக் கொண்டு நிரப்புவது வழக்கம். வீட்டின் கடனை அடைக்கும் முன்னாள் மாணவர் கார்ப்பரேஷனுக்கு ஆள் குறையக் கூடாது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: சாப்டரைப் பல்கலைக்கழகம் மூடினால் உங்கள் வாடகை என்ன ஆகும்? அதற்குப் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

சாப்பாடு நம்மவர்களுக்குத் தனிப் பிரச்சினை. சமையல்காரர் உள்ள வீடுகளில் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரைதான் அடுப்பு எரியும். சனி, ஞாயிறு சொந்தப் பாடு. சைவம் என்றால் ‘வெஜிடேரியன் ஆப்ஷன் உண்டு’ என்ற பதிலோடு திருப்திப்படாமல் போன வாரத்து மெனுவைக் கேளுங்கள். ஐந்து நாளும் சீஸ் பாஸ்தாவும் சாலடும் என்றால் மீல் பிளானுக்கு முழுப் பணம் கட்டுவது வீண். விலக்கு உண்டா, பாதிக் கட்டணம் உண்டா என்று பேசிப் பார்க்கலாம். சிறிய வீடுகளில் நடக்கும்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது பூல் டேபிளை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் இருக்கிறதா? 1996 மே மாதம் சேப்பல் ஹில்லில் ஒரு ஃபிரட்டர்னிட்டி வீடு எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் தெளிப்பானைக் கட்டாயமாக்கியது. மாடி அறை ஜன்னல் திறக்கிறதா, பின்பக்கப் படிக்கட்டில் சாமான் அடைத்திருக்கிறதா என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஹேஸிங்: எங்கே பார்ப்பது, எப்போது ஆபத்து

நம் ஊர் ராகிங் கேட்காமல் வருவது. ஹேஸிங், அதாவது புதியவர்களைச் சேர்க்கும் பெயரில் நடக்கும் வதை, நீங்களே பிட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நிற்கும் இடத்தில் நடக்கிறது. அதனால்தான் பாதியில் எழுந்து வர மனம் வருவதில்லை. ‘அவனே சம்மதித்தான்’ என்ற வாதம் பல மாநிலச் சட்டங்களில் செல்லாது.

வீடு பளபளப்பாக இருப்பதற்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை சாப்டரில் பிட் ஏற்ற இரவிலேயே ஒரு மாணவர் அளவு கடந்து குடிக்க வைக்கப்பட்டு, அடித்தளப் படிக்கட்டில் விழுந்தார். ஆம்புலன்ஸை அழைக்கக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் ஆனது. அது காகிதத்தில் மது இல்லாத வீடு. உள்ளே கேமராக்களும் ஓடிக்கொண்டிருந்தன. மறு ஆண்டு அவர் பெயரில் அந்த மாநிலம் ஹேஸிங் தடைச் சட்டம் இயற்றியது.

ஆபத்து எட்டு வாரமும் ஒரே சீராக இருப்பதில்லை. பிட் இரவு, ‘பிக்-லிட்டில்’ எனப்படும் அண்ணன்-தம்பி அறிவிப்பு இரவு, இனிஷியேஷனுக்கு முந்தைய சில நாள்: இந்த மூன்றும்தான் கவனிக்க வேண்டியவை. பிக்-லிட்டில் இரவில் ‘குடும்பப் பாட்டில்’ என்று ஒரு முழு மதுப்புட்டியைப் புதியவர் கையில் கொடுத்து முடிக்கச் சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. 2021 பிப்ரவரியில் வர்ஜீனியாவிலும் மார்ச்சில் ஓஹையோவிலும் நடந்த இரண்டு மரணங்கள் இப்படிப்பட்ட இரவுகளில்தான். தேசியக் கூட்டமைப்பின் விதிப்படி, 2019 செப்டம்பர் முதல் 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும், உரிமம் பெற்ற வெளி விற்பனையாளர் பரிமாறினால் ஒழிய, வீட்டிலோ நிகழ்ச்சியிலோ வைக்கக் கூடாது. ‘உங்கள் பிக்-லிட்டில் இரவு எங்கே, யார் பரிமாறுகிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிடப் பதில் சொல்லும் முகம் அதிகம் சொல்லும்.

பதிவேடு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் சட்டப்படி, ஹேஸிங் உறுதியான அமைப்பின் பெயர், நடந்தது என்ன, தண்டனை என்ன, தேதிகள் என்ன என்பதைப் பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு ‘ஹேஸிங் டிரான்ஸ்பரன்ஸி ரிப்போர்ட்’ என்று தேடினால் போதும். சட்டத்தில் ஓர் ஓட்டை: பல்கலைக்கழகம் அங்கீகரித்த அமைப்புகள்தான் இந்த அறிக்கைக்குள் வரும். கொலராடோ போல்டரில் 2005 முதல் ஃபிரட்டர்னிட்டிகள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனிக் கவுன்சில் நடத்துகின்றன. டியூக் பல்கலைக்கழகத்தில் 2021-இல் பல சாப்டர்கள் அங்கீகாரத்தை உதறித் தனியே போயின. அறிக்கையில் பெயர் இல்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் முன், அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லாதது, மூடிய பிறகும் அதே எழுத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் கூட்டமாகவும் இருக்கலாம். அங்கே காப்பீடும் இல்லை, கேட்பாரும் இல்லை.

பிளெட்ஜ் எனப்படும் புதிய உறுப்பினர் காலத்தையே எடுத்துவிட்ட அமைப்புகளும் உண்டு. ஸீட்டா பீட்டா டாவ் 1989-இல் எடுத்தது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இல். ஃபை டெல்டா தீட்டா 2000-இலிருந்து வீட்டுக்குள் மதுவைத் தடை செய்திருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் விதி எழுதுவது தலைமையகம். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் இருப்பது இருபது வயதுப் பையன்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கூடுதலாகப் பயப்பட வேண்டும். குடிக்கும் வயது 21. குடித்து வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசா முத்திரை ரத்தாகலாம். அடுத்த முறை ஊருக்கு வந்தால் திரும்பிப் போவது கேள்விக்குறி. வாடகைத் தள்ளுபடிக்காக ஹவுஸ் மேனேஜர் வேலை தருகிறோம் என்றால், அது ஊதியமாகக் கருதப்படலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

தெற்காசியச் சங்கங்கள்

ஆண்களுக்கு அயோட்டா நூ டெல்டா (பிங்ஹாம்டன், 1994), சிக்மா பீட்டா ரோ (பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 1996), டெல்டா எப்சிலான் சை (ஆஸ்டின், 1998), பீட்டா கை தீட்டா (யுசிஎல்ஏ, 1999). பெண்களுக்கு ஆஸ்டினில் கப்பா ஃபை காமாவும் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகாவும், இரண்டும் 1998. சிக்மா பீட்டா ரோ இப்போது தன்னைப் பல்லினச் சங்கமாகவே சொல்லிக்கொள்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது. ஆகவே பார்லர் கட்டணமும் இல்லை, மீல் பிளானும் இல்லை. மொத்தச் செலவு கணிசமாகக் குறையும். ஒரு செமஸ்டரில் சேருபவர்கள் சில வேளை ஐந்தாறு பேர்தான். ‘லைன்’ என்று சொல்லும் அந்தச் சிறு குழு வாரக்கணக்கில் ஒன்றாகவே திரியும். முடிவில் எல்லாருக்கும் முன்னால் அணிவகுப்போடு அறிமுகம். நெருக்கம் நிஜம். நேரமும் அதே அளவு போகும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கும் செமஸ்டரில் லைனில் நிற்காதீர்கள்.

‘நம்ம பசங்கதானே’ என்ற நினைப்பில் பதிவேட்டைப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சிறிய, மூடிய குழு. ரகசியம் பேணும் பழக்கம். வீடு இல்லாததால் வெளியூரில் வாடகைக்கு எடுக்கும் வீடு. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2013-இல் ஆசிய அமெரிக்கச் சங்கமான பை டெல்டா சையின் நியூயார்க் மாணவர்கள் பென்சில்வேனியாவின் போகோனோ மலையில் எடுத்த வீட்டில் நடந்த மரணம் காட்டியது. வழக்கில் தேசிய அமைப்பே குற்றவாளியாகி, பென்சில்வேனியாவில் பத்தாண்டு இயங்கத் தடை பெற்றது. வார இறுதியில் ஊருக்கு வெளியே ‘ரிட்ரீட்’ என்றால் முகவரியை அறைத்தோழரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் சொந்த வண்டியில் போங்கள். போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் போகவே வேண்டாம்.

எனவே, யாருக்கு எது? வேலைவாய்ப்புத் தொடர்புதான் நோக்கம் என்றால் தொழில்சார் சங்கம் மேல். செலவு குறைவு, இருபாலரும் உண்டு, ரெஸ்யூமே திருத்தவும் மாதிரி நேர்காணல் நடத்தவும் மூத்தவர்கள் உண்டு. பெயர் பெற்ற வளாகங்களில் அவற்றில் நுழைய நேர்காணல் இரண்டு சுற்று வரை போவதுதான் சற்று அதிகம். நண்பர் வட்டம் தேவை, பணமும் இருக்கிறது என்றால் அறுபது எழுபது பேர் உள்ள நடுத்தர அளவு சோஷியல் சாப்டர். அதன் சராசரி ஜிபிஏ, வளாகத்தின் ஆண் மாணவர் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர்தோறும் வெளியிடுகின்றன. கூட்டமும் சேவையும் போதும் என்றால் ஆல்ஃபா ஃபை ஒமேகாவைத் தாண்டித் தேட வேண்டியதில்லை.

பிட் கைக்கு வந்தவுடன் அங்கேயே கையெழுத்துக் கேட்பார்கள். ஒரு நாளாவது அவகாசம் கேளுங்கள். கொடுக்காத வீட்டில் சேர வேண்டாம். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் இனிஷியேஷனுக்கு முன்பே விலகுங்கள், அதையும் வாயால் சொல்லி விடாதீர்கள். சாப்டர் தலைவர், பொருளாளர், பல்கலைக்கழகத்தின் ஃபிரட்டர்னிட்டி அலுவலகம், மூவருக்கும் ஒரே மின்னஞ்சல், தேதியோடு. பட்டியலிலிருந்து பெயர் நீங்காதவரை பில்லிங் மென்பொருள் அடுத்த செமஸ்டருக்கும் கட்டணம் போட்டுக்கொண்டே இருக்கும்.